பேனரில் மட்டும் போனவள்

என் மகள் வெளிநாட்டில் படித்துக்கொண்டிருப்பதாக விவேக் நகரில் எங்கள் தெரு முழுக்க நம்புகிறது. அவளோ உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறாள்.

நான் உயிரியல் டீச்சராக இருக்கும் பள்ளியில்தான் அவளும் படித்தாள். டீச்சர் பிள்ளை என்பதால் இடம் கொடுத்தார்கள். இல்லாவிட்டால் அந்த கேட்டுக்குள் நுழையவே நாங்கள் யோசித்திருப்போம். அங்கே பதினொன்றாம் வகுப்பு வந்ததும் பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள். இந்தியாவில் படிக்கப் போகிறவர்கள் ஒரு பக்கம், வெளிநாடு போகிறவர்கள் இன்னொரு பக்கம். மதியச் சாப்பாட்டு மேசைகூட வேறுவேறு. யாரும் உத்தரவு போடுவதில்லை, தானாக நடக்கும். என் மகள் வெளிநாட்டு மேசையில் உட்கார்ந்தாள். படிப்பில் புலி. பெற்றவள் என்பதற்காகச் சொல்லவில்லை.

முழு உதவித்தொகையோடு ஒரு பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. பொம்மசந்திரா ஃபேக்டரியில் ஷிஃப்டில் இருந்த என் கணவரிடம் போனில் சொன்னேன், மனுஷன் அழுதுவிட்டார். அந்த வாரமே கோயிலில் நன்றிப் பூசைக்குக் கொடுத்தேன். ஃபாதர் பீடத்திலிருந்து அவள் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் வாசித்தார். வெளியே வந்தபோது என் கையைப் பிடித்துக் குலுக்காதவர்கள் பாக்கியில்லை.

இங்கேயும் சி.இ.டி. நுழைவுத் தேர்வு எழுதியிருந்தாள். வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகிற தூரத்தில் நல்ல இன்ஜினியரிங் சீட் வந்தது. அங்கே சேர்ந்தால் ஒரிஜினல் மார்க்ஸ் கார்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள், வெளிநாட்டில் எதைக் காட்டுவீர்கள் என்று பள்ளியின் கவுன்சிலர் கேட்டார். சரிதானே என்று சீட்டை விட்டோம். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதைதான்.

விசா நேர்காணல் சென்னையில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஏதோ இரண்டு மூன்று கேள்வி கேட்டுவிட்டு, கிடையாது என்று ஒரு தாளை நீட்டினாராம். மறுபடி விண்ணப்பித்தோம். மறுபடி அதே தாள். எதைத் தப்பாகச் சொன்னாள் என்றுகூட யாரும் சொல்லவில்லை. அதற்குள் இங்கே சீட்டு ஒதுக்குகிற ரவுண்டெல்லாம் முடிந்து போயிருந்தது.

பள்ளிக்காரர்கள் அவள் முகத்தைப் பெரிதாக அச்சடித்து, கீழே பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டு, சிக்னலில் பேனர் கட்டியிருந்தார்கள். அதை இறக்கிவிடுங்கள் என்று பிரின்சிபாலிடம் போய் நின்றேன். அவர் எனக்குக் காபி வரவழைத்தார்.

"அட்மிஷன் வந்தது நிஜம்தானே மேடம்? நாங்க அதைத்தானே போட்டிருக்கோம்" என்றார்.

அடுத்த மாதமும் அங்கேதான் சம்பளம் வாங்க வேண்டும் என்பதால் காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் மகள் எங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் போயிட்டேன்னே எல்லார்கிட்டயும் சொல்லிடும்மா."

திட்டிப் பார்த்தேன். அவள் அப்பா கெஞ்சிப் பார்த்தார். பீடத்தில் வாசித்த பெயர், சிக்னலில் தொங்குகிற முகம், இனி எந்த முகத்தோடு தெருவில் நடப்பது என்றாள். கடைசியில் போய்விட்டாள் என்றே சொன்னோம். அதிலிருந்து அவள் ஜன்னல் திறப்பதில்லை. நாங்கள் வேலைக்குப் போன பிறகு டி.வி.கூடப் போடுவதில்லை. பெற்ற பெண்ணைத் திருட்டுச் சாமான் மாதிரி வீட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். இதற்காகவா ஆண்டவரே உமக்கு நன்றி சொன்னேன்?

போன ஞாயிறு பூசை முடிந்த கையோடு மாடிவீட்டு அக்கா வந்து ஹாலில் உட்கார்ந்துவிட்டார். உள்ளறையில் அதுவரை ஓடிய ஃபேன் நின்றது. பெண் எப்படி இருக்கிறாள், அந்த ஊர் ஒத்துக்கொண்டதா, சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாள் என்று அக்கா கேட்டுக்கொண்டே போனார். பாசத்தில்தான் கேட்டார். நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"ரொம்பக் குளிருதாம்க்கா. ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத்தான் தூங்குறாளாம்."

பாவம் பிள்ளை என்று உச்சுக்கொட்டிவிட்டு அவர் கிளம்பினார். வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு உள்ளே போனேன். மகள் வேர்த்து நனைந்து, சுவரோரம் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"குளிருதுன்னு சொல்லாதம்மா" என்றாள். "அங்க இப்ப நல்ல வெயிலு."