ஐஸ்பாயில் நாலாவது ஆள்

கொரோனா வந்த வருஷம், அண்ணாமலை அடிவாரத்து ஆசிரமத்துக்குப் பின்தெருவில் இருந்த ஒரு மாடி கெஸ்ட் ஹவுஸிலிருந்து வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். அங்கே அறைகளைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்த கஸ்தூரியிடம் ஓனர் சாவிக்கொத்தைக் கொடுத்தார்.

"இப்போதைக்கு சம்பளம் இல்லம்மா. குடும்பத்தோட இங்கயே தங்கிக்கோ. வாடகையாவது மிச்சம்."

சொல்லிவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டார். கஸ்தூரியின் புருஷன் விமல்ராஜின் ஆட்டோவும் ஓடவில்லை. பௌர்ணமிக்குக்கூட மலை சுற்ற ஆள் வரவில்லை. கிரிவலப் பாதையில் நாய்கள்தான் நடந்தன.

ரேஷன் அரிசிக் கஞ்சியும் ஊறுகாயுமாகப் பொழுது போனது. எட்டு வயது மகள் எழில், "போர் அடிக்குதும்மா" என்று ஒரு நாள் அழுதே விட்டாள். கஸ்தூரி எழுந்து போய்ப் பூட்டிக் கிடந்த அறைகளை எல்லாம் திறந்துவிட்டாள்.

"வாங்க, ஐஸ்பாய் ஆடலாம்."

அதிலிருந்து சாயங்காலம் ஆனால் ஆட்டம்தான். விமல்ராஜ் தொந்தியோடு கட்டிலுக்கடியில் நுழைந்து வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்வான். கஸ்தூரி திரைக்குப் பின்னால் நின்று, சிரிப்பை அடக்க முடியாமல் தானே பிடிபடுவாள். அதைப் பார்த்து விமல்ராஜும் விழுந்து விழுந்து சிரிப்பான். அவன் அப்படிச் சிரித்து அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஒரு நாள் மழை மூட்டம். தேடுவது எழிலின் முறை. "அப்பா ஐஸ்! அம்மா ஐஸ்!" என்று இருவரையும் பிடித்தவள், மறுபடி மாடிப்படி ஏறினாள்.

"எங்கடி போற? அதான் ரெண்டு பேரும் வந்துட்டோமே?"

"இன்னும் ஒருத்தங்க இருக்காங்கல்ல."

"யாரு?"

"மேல ஒளியுற அக்கா. அவங்கள மட்டும் நான் பிடிச்சதே இல்லம்மா."

விமல்ராஜ் மகளை வாரி எடுத்துக்கொண்டான். கஸ்தூரி மேலே போனாள். கடைசி அறையில் பாத்ரூம் கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள். யாரும் இல்லை. தரையில் மட்டும் இரண்டு ஈரக் கால்தடங்கள், சுவர் மூலையைப் பார்த்தபடி. மாடிக் குழாயில் தண்ணீர் வந்து பல வாரம் ஆகியிருந்தது.

"கெளம்பிடலாம், வா," என்றான் பின்னாலேயே வந்த விமல்ராஜ்.

"எங்க போறது? நம்மள யாரு சும்மா வெச்சிப்பாங்க?"

கஸ்தூரி பாத்ரூம் வாசலைத் தாண்டவில்லை. ஆனாலும் அந்த மூலையைப் பார்த்து, சொந்தப் பிள்ளையைக் கூப்பிடுவதுபோலச் சொன்னாள்:

"ஆட்டம் முடிஞ்சிடுச்சும்மா. எல்லாரும் வந்துட்டோம். நீயும் வெளிய வந்துடு."

அவள் முந்தானையை உரசிக்கொண்டு சில்லென்று ஏதோ கடந்து போனது.

மறுநாள் எழில் ஆட வரச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தாள். மாட்டேன் என்று சொல்ல இருவருக்கும் மனசு வரவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஆட்டம் முடிந்ததும் கஸ்தூரி படிக்கட்டு அருகே நின்று அந்த நாலாவது ஆளையும் கூப்பிட்டாள். "பயம் கம்மியாவல. ஆனா சிரிப்பும் நிக்கலங்க," என்பாள் அதைக் கேட்பவர்களிடம்.

அடுத்த வருஷம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஓனரும் திரும்பி வந்தார். இவர்கள் அடி அண்ணாமலையில் வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். சாமான்களை ஏற்றிய ஆட்டோ புறப்பட்டபோது, எழில் மாடியைப் பார்த்துக் கையசைத்தாள். கஸ்தூரி திரும்பவில்லை. விமல்ராஜ் மட்டும் பக்கக் கண்ணாடியில் பார்த்துவிட்டான். என்ன பார்த்தான் என்று இதுவரை சொல்லவில்லை. அந்தத் தெருவுக்கு யாராவது சவாரி கேட்டால், "அந்தப் பக்கம் வராதுங்க" என்று வண்டியை எடுத்துவிடுகிறான்.