பாஸ் கேட்கத் தெரிந்த ஒரே ஆள்

கவரைப்பேட்டையில் ஏறி சிப்காட் வாசலில் இறங்குவதற்குள் பாஸ்கருக்குக் காலை நாஷ்டா நெஞ்சு வரைக்கும் வந்துவிடும். ஷேர் ஆட்டோவின் பின்சீட்டுக்கு அடியில் டிரைவர் ஒரு பெரிய குழாய் ஸ்பீக்கரைக் கட்டி வைத்திருப்பான். என்ன பாட்டு என்றே தெரியாது. டும் டும் என்று சீட்டு வழியாக ஏறி வயிற்றைப் பிசையும். கண்ணாடியில் பார்த்து, "பாஸ் எப்டிணா?" என்று பல்லைக் காட்டுவான் அவன். பாஸ்கர் முகத்தை வெளியே திருப்பிக்கொள்வார். செப்டிக் டேங்க் லாரியின் மோட்டாருக்குக்கூட இதைவிட மரியாதை உண்டு என்பது அவர் கட்சி.

பாஸ் என்றால் பாஸ் கிட்டார். தடித்தடியாக நாலு கம்பி, அவ்வளவுதான். பாடுகிறவனும் கீபோர்டுக்காரனும் மேலே பந்தல் அலங்காரம் செய்துகொண்டிருக்கும்போது கீழே குழி தோண்டி மூங்கில் நடுகிறவன் பாஸ் வாசிக்கிறவன். மூங்கிலை யார் பார்க்கிறார்கள்? அலங்காரத்தைப் பார்த்து வாயைப் பிளக்கிற ஜனங்கள்தான் உலகம் முழுக்க. இந்த ஜனங்களை நினைத்தாலே பாஸ்கருக்குப் பற்றிக்கொண்டு வரும். பொன்னேரியிலிருந்து ஆரம்பாக்கம் வரைக்கும் பாஸ் கேட்கத் தெரிந்த ஆள் தான் ஒருவர்தான் என்று அவர் வெளியிலேயே சொல்வார். கூட்டாளி பென்னி இருக்கிறானே என்று யாராவது கேட்டால் அதற்கும் பதில் தயார். "அவன் வாசிக்கிறவன். நான் கேக்கறவன். ரெண்டும் வேற."

இந்த ஞானம் அவருக்கு வந்த கதை விசித்திரமானது. வெளிநாட்டுப் பழைய இரும்பு கப்பலில் வந்து இறங்க, அதை உருக்கிக் கம்பியாக்குகிற மில் ஒன்றில் அவர் காண்டிராக்ட் கூலியாகச் சேர்ந்தார். அப்பா வயலில் குனிந்த முதுகு நிமிராமலே போய்ச் சேர்ந்தவர். மகன் குனிந்தது இரும்புக் குவியலில். உலைக்குப் போவதற்கு முன்னால் ரப்பர், பிளாஸ்டிக், மூடிய சிலிண்டர் எதுவும் கலந்திருக்கக்கூடாது. அதைப் பொறுக்குவதுதான் வேலை. ஒருநாள் பாதி நசுங்கிய கார் ஒன்றின் முன்பெட்டியில் சில கேசட்டுகள் கிடைத்தன. ஒட்டியிருந்த தாள் எல்லாம் மழையில் கரைந்து போயிருந்தது. டான்ஸ் பாட்டாக இருக்கும் என்று ஆசையாக வீட்டுக்குக் கொண்டு வந்து போட்டால், பாட்டே இல்லை. டிரம்ஸ் ஒரு பக்கம் ஓடுகிறது, குழல் ஒரு பக்கம் கத்துகிறது, யாரும் யாருக்கும் அடங்குவதாக இல்லை. இன்னாடா எழவு இது என்று நிறுத்திவிட்டார்.

பென்னி அப்போது அதே மில் யார்டில் அவருக்குப் பக்கத்தில் நின்று இரும்பு பொறுக்கியவர். சர்ச்சில் பாஸ் கிட்டார் வாசிப்பவர். டேப் ரிக்கார்டரை இரவல் கேட்க வந்தவர் அதிலேயே கிடந்த அந்தக் கேசட்டைப் போட்டுக் கேட்டதும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். "பாஸ்கரு, மேல கத்தறத உட்டுடு. அடியில ஒருத்தன் போறான் பாரு, அவன மட்டும் புட்சிக்கோ" என்று விரலால் மேசையில் தட்டிக் காட்டினார். டேப்பில் பாஸ் வாசித்தவன் எல்லோரும் பாய்கிற இடத்தில் பாயாமல் ஒரு அடி விட்டுவிட்டு வருகிறான். வராத இடத்தில்தான் ஆளைத் தூக்குகிறான். அது ஜாஸும் ராக்கும் கலந்த எழுபதுகளின் இசை என்பதும், வாசித்தவர் ஒரு அமெரிக்கர் என்பதும் கையில் செல்போன் வந்த பிறகுதான் தெரிந்தது. பேரைச் சொன்னால் கும்மிடிப்பூண்டியில் யாருக்கும் தெரியப் போவதில்லை, அதனால் இங்கேயும் வேண்டாம்.

அன்றிலிருந்து பாஸ்கருக்கு அந்த மனிதர் குலதெய்வம். அவர் வாசித்த ஆல்பங்களை எல்லாம் போனில் தேடிப் பிடித்தார். நிரந்தர வேலை கிடைத்து, கிரேன் ஆபரேட்டரும் ஆகி, சாப்பாட்டு நேரத்தில் இயர்போனின் ஒரு முனையைத் தன் காதிலும் மறுமுனையைச் சிக்கியவன் காதிலும் சொருகி விளக்க ஆரம்பித்தார். "இப்ப வருவான் பாரு... வரல பாத்தியா? அங்கதான் இருக்கு வேலையே." சிக்கியவன் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு, "பாட்டு எப்பணா ஆரம்பிக்கும்?" என்பான். பாஸ்கருக்கு அவன் தட்டைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கும். மில்லில் இப்போது அவர் வருவதைக் கண்டாலே டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு இடம் மாறுகிறார்கள்.

மிச்சமிருந்த ஒரே சுகம் ஞாயிற்றுக்கிழமை. பென்னி வேறு கம்பெனிக்குப் போய்விட்டாலும் சர்ச்சில் வாசிப்பதை விடவில்லை. பாஸ்கர் குளித்து, நெற்றியில் விபூதியோடு, சர்ச்சின் கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்காருவார். "பெரியபாளையம் கோயிலுக்குக் கூப்ட்டா கால் வலி. அங்க மட்டும் ஓட்டமா?" என்று மனைவி வினோதா நொடிப்பாள். மதம் மாறிவிட்டான் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். பாஸ்டரோ இன்று மாறுவான் நாளை மாறுவான் என்று இவர் தலையில் கை வைத்து ஜெபித்துக்கொண்டே இருந்தார். அவர் கையில் மணக்கும் சென்ட்டும் அவர் பிரசங்கமும் பாஸ்கருக்கு ஆகாது. அதைப் பொறுத்துக்கொண்டது பென்னியின் நாலு கம்பிக்காக. பாட்டு தொடங்கியதும் கண்ணை மூடிக்கொள்வார். முடிந்ததும் திறந்து, மேடையைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துவார். பிறகு வெளியே டீக்கடையில் நின்று, எந்தப் பாட்டில் எந்த இடம் எப்படி இருந்தது என்று பென்னிக்கே பாடம் எடுப்பார். பென்னி கேட்டுக்கொண்டு தலையாட்டுவார்.

போன ஆடி மாதம் ஒரு ஞாயிறு. சுற்றிலும் அம்மன் கோயில் ஸ்பீக்கர்கள் ஊரைக் கிழித்துக்கொண்டிருந்தன. அந்த எரிச்சலோடு தாமதமாக வந்து உட்கார்ந்த பாஸ்கர், பாட்டு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால் நேராகக் கண்ணை மூடிவிட்டார். அப்பாடா என்றிருந்தது. பென்னி நல்ல வேகத்தில் இருக்கிறான் இன்றைக்கு. நடுவில் மேலிருந்து கீழே ஒரு வழுக்கல். அமெரிக்கர் செய்வது போலவே. இதைப் பற்றி டீக்கடையில் பேசியே ஆகவேண்டும். பாட்டு முடிந்தது. கண்ணைத் திறந்து கட்டைவிரலை உயர்த்தினார்.

மேடையில் பென்னி இல்லை.

கீபோர்டு இருந்தது, டிரம்ஸ் இருந்தது, பாடுகிற பெண்கள் இருந்தார்கள். பென்னி நிற்கிற இடத்தில் ஒரு பூத்தொட்டியை வைத்திருந்தார்கள். உயர்த்திய கட்டைவிரலை என்ன செய்வது என்று தெரியாமல் பாஸ்கர் அந்த விரலாலேயே காதைச் சொறிந்துகொண்டார். அடுத்த பாட்டு ஆரம்பித்தது. கண்ணைத் திறந்தே வைத்துக் கேட்டார். ஆள் இல்லை. பாஸ் இருக்கிறது.

ஆராதனை முடிந்ததும் முடியாததுமாக, சவுண்ட் மிக்சரைக் கவனிக்கிற பையன் ஸ்டீபனிடம் போனார். "யாரு வாசிக்கிறது பாஸ்?"

"டிராக்ணா" என்றான் ஸ்டீபன், வயரைச் சுருட்டிக்கொண்டே. "சென்னையில காசு குடுத்து ரெக்கார்ட் பண்ணி வாங்கினது. யூடியூப்ல போடறோம்ல, கிளீனா வரணும்னு பாஸ்டர் சொன்னாரு. அதுலயே பாஸ் எல்லாம் இருக்கும்."

"எத்தினி நாளா?"

"கிறிஸ்மஸ்லேந்துணா."

"கிறிஸ்மஸ்லேந்தா? பென்னி நின்னு வாசிச்சுகினு இருந்தானேடா?"

"சும்மா நிப்பாருணா. வயரே சொருவல. வீடியோவுல ஆள் நின்னாதான அழகு? போன வாரம் போதும்ப்பான்னுட்டு வூட்டுக்குப் போய்ட்டாரு." பிறகு ஒரு நொடி நின்று, "நீங்கதான் வாராவாரம் வந்து கேப்பீங்களே, உங்களுக்குத் தெரியும்னு இல்ல நெனச்சேன்" என்றான். பையன் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

பாஸ்கர் கத்தினார். இது சர்ச்சா, சினிமா ஷூட்டிங்கா என்றார். ஒரு மனுஷனைக் கடை வாசல் பொம்மையைப் போல நிற்க வைத்துப் படம் பிடிக்கிறீர்களே, இதில் ஜெபம் வேறு ஒரு கேடா என்றார். பாஸ்டர் தூரத்திலிருந்து கையை உயர்த்தி ஆசீர்வதிக்க, இவர் நடைபாதையில் காறித் துப்பிவிட்டு வெளியே வந்தார். அந்தச் சென்ட் வாசனையும் டிராக்கும் யூடியூபும் சேர்ந்து உடம்பெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது போல இருந்தது. பென்னியின் வீடு புதுகும்மிடிப்பூண்டியில். அங்கே போய் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டலாம் என்று பைக்கை எடுத்தார்.

ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று முடிவில்லாமல் ஊர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் கோபம் மெல்ல இறங்கி, அடியில் கிடந்தது தெரிந்தது. கிறிஸ்மஸ். இப்போது ஆடி. இடையில் எத்தனை டீ! ஈஸ்டர் அன்று பென்னியின் தோளைப் பிடித்து உலுக்கி, "அந்த இடத்துல விரல இஸ்தே பாரு, அது மெஷினுக்கு வருமா?" என்று கேட்டவர் சாட்சாத் இவரேதான். மெஷினுக்குத்தான் வந்திருந்தது. பென்னி அப்போது டீ கிளாஸைக் குனிந்து பார்த்தார். அடக்கம் என்று பாஸ்கர் நினைத்துக்கொண்டார்.

ஷேர் ஆட்டோக்காரனுக்காவது அந்த ஸ்பீக்கர் குழாய் எங்கே இருக்கிறது என்று தெரியும். தனக்கு அதுகூடத் தெரிந்திருக்கவில்லை. பாஸ்கருக்குத் தன் காதைப் பிடுங்கிக் கூட்ஸ் வண்டிக்கு அடியில் போடலாம் போல வெறுப்பு வந்தது. இதுவரை அவர் எச்சில் துப்பாத ஆள் அவரே ஒருவர்தான் பாக்கி இருந்தார். அவருடைய முறை வந்துவிட்டது.

பென்னி வீட்டுப் பின்புறம் குழாயடியில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். பழவேற்காட்டு மடவை. மணிக்கட்டு வரைக்கும் செதில். அவர் மனைவி ஹெலன் சர்ச்சிலிருந்து இன்னும் வரவில்லை.

"வா பாஸ்கரு. குந்து" என்றார், நிமிராமல்.

பாஸ்கர் உட்காரவில்லை. "அந்தப் பொம்மை வேலைக்கு எதுக்குடா ஒத்துகினே?"

"நிக்கமாட்டேன்னா கோச்சிகினு போய்ட்டான்னு பேசுவாங்க. ஹெலன் அங்கதான போவணும், வரணும். போவட்டும்னு நின்னேன்."

"எங்கிட்டயாவது சொல்லி இருக்கலாமேடா."

பென்னி கத்தியை வைத்துவிட்டு முதல் முறையாக முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை அதில். "மொத வாரம் உன்னையேதான் பாத்துகினு நின்னேன் பாஸ்கரு. யாருக்குத் தெரியலன்னாலும் இவனுக்குத் தெரிஞ்சிடும், வெளிய வந்து பாஸ்டர் சட்டையப் புடிக்கப் போறான், எப்டி அடக்கறதுன்னு வேற பேஜாரா இருந்துச்சு. நீ கண்ண மூடிகினு தலையாட்டினே. டீக்கடையில வந்து, இன்னிக்குதான்டா நீ வாசிச்சேன்னே."

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பாஸ்கர் குனிந்து அதை இறுக்கி மூடினார்.

"அடுத்த வாரம் கையையே அசைக்கல. அப்பவும் நல்லா இருக்குன்னே. அப்புறம் எங்க சொல்றது?"

"தப்புதான்" என்றார் பாஸ்கர். அந்தச் சொல் மீன் குடலைவிடக் கேவலமாக இருந்தது அவருக்கு. "சத்தம் ஜாஸ்தி வெச்சிருந்தான் அவன். மிக்சிங் சரியில்ல. அதுல..."

"அத உடு" என்றார் பென்னி. "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். சண்டைக்குக் கேக்கல. அதுக்கு முன்னாடி, இத்தினி வருசம், நெசமாவே வயர் சொருவிகினு வாசிச்சேனே. அது உனக்குக் கேட்டுச்சா?"

பாஸ்கர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். ஒரு பாட்டாவது, ஒரு இடமாவது நினைவுக்கு வரவேண்டும் என்று மனசைப் போட்டுக் குடைந்தார். டீக்கடையில் தான் பேசியதெல்லாம் வந்தது. வாக்கியம் வாக்கியமாக, கை அசைவோடு வந்தது. பென்னி வாசித்தது ஒன்றுகூட வரவில்லை.

"கேட்டுச்சு பென்னி" என்றார். "எப்டி கேக்காம போவும்?"

பென்னி தலையாட்டினார். சரி என்று சொல்லிவிட்டு அடுத்த மீனை எடுத்தார்.