ஆடிக் காற்றும் ஓயாத எச்சரிக்கையும்

ஆடி மாதம் ராதாபுரம் பக்கம் பனைமரமே தலைவிரித்து ஆடும். எங்கள் ஆன்டெனா எம்மாத்திரம்? அங்குள்ள குடிநீர்த் தொட்டியின் மட்டத்தைத் தாமிரபரணிக் கரை பம்ப் ஹவுஸுக்கு வயர்லெஸ்ஸில் அனுப்பும் கருவிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சிக்னல் நாற்பதுக்குக் கீழே இறங்கினால் எனக்கும், மோட்டார் இயக்கும் பெண்ணுக்கும் போனில் எச்சரிக்கை வரும். தொட்டி நிறைவது தெரியாது என்பதால் அவள் மோட்டாரை நிறுத்த வேண்டும். நாற்பதைத் தாண்டினால் சரியாகிவிட்டது என்று வரும், திரும்பப் போடலாம்.

காற்றில் சிக்னல் முப்பத்தொன்பதுக்கும் நாற்பத்தொன்றுக்குமாக ஊசலாடியது. போன் ஓயவே இல்லை. எனக்குப் பொறுமை என்றைக்குமே கிடையாது. இருவருக்கும் வரும் எச்சரிக்கையை மொத்தமாக அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். அவளிடம் சொல்லக்கூட இல்லை.

அன்று பார்த்து இணைப்பு நிஜமாகவே அறுந்தது. திரையில் பழைய மட்டமே நின்றதால் அவள் மோட்டாரை ஓடவிட்டாள். குடத்தோடு காத்துக்கிடக்கிற ஊரில் தண்ணீர் தெருவில் ஓடியது. தற்காலிக வேலையில் இருந்த அவளிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. வேலை போய்விடும் என்றே எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் பம்ப் ஹவுஸுக்குப் போய், "நாந்தாம்மா அணைச்சேன்" என்றேன்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி? சும்மா சும்மா போடு, நிப்பாட்டுன்னா மோட்டாரு தாங்குமா? தொட்டியில தண்ணி ஒரு வெரக்கட எறங்குனதும் நா மோட்டார் போடுதனா? பாதிக்கு வந்தாத்தான் போடுதேன், நெறஞ்சாத்தான் நிப்பாட்டுதேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. போடும் அளவுக்கும் நிறுத்தும் அளவுக்கும் நடுவே இடைவெளி விடுகிற இதைத்தான் ஹிஸ்டெரிசிஸ் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன். முப்பத்தைந்துக்குக் கீழே போனால்தான் எச்சரிக்கை. அதன்பிறகு நாற்பத்தைந்தைத் தொட்டால்தான் சரியானதாகக் கணக்கு. நடுவில் எவ்வளவு ஆடினாலும் போன் வாய் திறக்காது.

பிறகு ஆபீசுக்குப் போய், தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவள் மேல் நடவடிக்கை இல்லை என்று அதிகாரி சொன்னதும்தான் மூச்சே வந்தது. வெளியே வந்து இரண்டு டீ குடித்தேன்.

ஆடி முடியுமுன் ஒரே ஒரு எச்சரிக்கை வந்தது. நான் அழைப்பதற்குள் அவளே அழைத்து, "நிப்பாட்டிட்டேன் அண்ணாச்சி" என்றாள். போய்ப் பார்த்தால் ஆன்டெனா காற்றில் திரும்பிக் கிடந்தது. தொட்டியிலிருந்து ஒரு சொட்டு வழியவில்லை. அப்பாடா என்று கம்பத்தடியிலேயே உட்கார்ந்து அவளுக்குப் போனில் சொன்னேன்.

"இப்பம் எச்சரிக்க வந்தா நம்புதேன் அண்ணாச்சி," என்று சிரித்தாள். "ஒங்களத்தான் இன்னும் கொஞ்ச நாள் பாக்கணும்."