ஓட்டை போட்டது யார்?

1974 ஆகஸ்ட் 13, செவ்வாய்க்கிழமை. காலை ஏழரைக்கு ஆஸ்பத்திரி லேபைத் திறந்தேன். வாட்டர் பாத்தை ஆன் செய்து, சாயங்களை வடிகட்டி, திசுவை மெல்லிய செக்‌ஷன்களாகச் சீவும் மைக்ரோடோம் கத்தியைத் தீட்டி வைத்தேன். ஒன்பது மணிக்கு டாக்டர் வந்தார். பேத்தாலஜி டாக்டர் மாற்றலாகிப் போனதால், எங்கள் லேபுக்கும் கண் டாக்டரே பொறுப்பு. தங்கமான மனிதர். எந்த ஸ்லைடைக் கொடுத்தாலும் அதில் கருவிழியைத் தேடுவார், அவ்வளவுதான்.

அன்று கொடுத்தது, மாரடைப்பில் இறந்த துறைமுக லோடுமேன் ஒருவரின் இதய ரத்தக்குழாய்.

"என்னவே பிச்சையா, கரையான் அரிச்ச மாதிரி ஒரே ஓட்டை! இப்பிடியா செக்‌ஷன் வெட்டுறது?"

"ஓட்டை இல்ல சார், நுரை செல். கிருமியோட சண்டை போடுத வெள்ளணு, குழாய்ச் சுவருக்குள்ள கொழுப்பைத் துப்புரவு பண்ணப் போயிருக்கு. வயிறு முட்டத் தின்னுட்டு வெளிய வர முடியாம அங்கனயே கெடக்கு. அது சேந்து சேந்துதான் குழாய் தடிச்சுப் போவுது."

மாற்றலாகிப் போன டாக்டர் எனக்குச் சொன்னது அது. தசை செல்தான் அப்படி மாறுகிறது என்று வாதிட்டவர்களும் அப்போது உண்டு.

"தின்ன கொழுப்பு எங்கவே? நாளைக்குப் பத்து மணிக்குள்ள காட்டும். இல்லேன்னா மெமோ."

பதினெட்டு வருட சர்வீசில் என் பெயரில் ஒரு மெமோ கிடையாது.

கொழுப்பு போன இடம் எனக்குத் தெரியும். மெழுகில் பதிக்கும் முன் திசுவை சைலீனில் ஊறவைப்போம்; அது கொழுப்பைக் கரைத்துவிடும். கொழுப்பு தெரிய வேண்டுமானால் திசுவை உறையவைத்து வெட்டி, 'சூடான் சிவப்பு' என்ற சாயத்தை ஏற்ற வேண்டும். மிச்சத் துண்டு ஃபார்மலினில் பத்திரமாக இருந்தது. உறையவைக்கும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்தான் ஏப்ரலிலிருந்து காலி.

மதியம் திரேஸ்புரம் போகும் வழியில் இருக்கும் சோடா கம்பெனிக்குப் போய், சோடாவில் ஏற்றும் அதே கேஸ் எனக்கு எதற்கு என்று சொன்னேன்.

"லேப் சார், ரத்தக்குழாய்க்குமா கலர் ஊத்துதிய?" என்றார் முதலாளி அண்ணாச்சி.

"கலர் நான் ஊத்திக்கிடுதேன் அண்ணாச்சி. கேஸ் மட்டும் குடுங்க."

என்னை நம்பி சிலிண்டரைத் தனியாக விட மனமில்லாமல் அவரும் கைவண்டியோடு வந்தார். தலைகீழாகச் சாய்த்துக் கட்டினால்தான் கேஸ் திரவமாக வந்து திசுவை உறையவைக்கும். ஆறு செக்‌ஷன் கிழிந்தன. ஏழாவது தேறியது. சாயமேற்றியதும், ஓட்டையாகத் தெரிந்த ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சிவப்புத் துளிகள்.

அண்ணாச்சியும் குனிந்து பார்த்தார். "இம்புட்டுத் தின்னா எப்பிடி எந்திரிக்கும்?" என்றவர், மெதுவாகத் தன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஐந்து மணிக்கு டாக்டர் வந்து நெடுநேரம் பார்த்தார்.

"சரிவே, மெமோ இல்ல." எழுந்தவர் வாசலில் நின்று திரும்பினார். "அப்போ கொழுப்பைக் கழுவி ஓட்டை போட்டது நீருதான?"

பதினெட்டு வருடத்தில் ஒரு ரிப்போர்ட்டிலும் நான் அதை எழுதியதில்லை. அன்றிலிருந்து, புதிதாக லேபுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஸ்லைடில் தெரிவதோடு, அதைத் தயாரிக்கும்போது நீங்கள் கழுவிவிட்டதையும் எழுதுங்கள்.

மறுநாள் காலை லேபைத் திறந்ததும், வாட்டர் பாத் பக்கம் போகாமல், லோடுமேனின் ரிப்போர்ட்டை எடுத்து முதல் ஸ்லைடுக்கு நேராக எழுதினேன்: 'செல்களில் கொழுப்பு இருந்தது. சைலீனில் கரைத்தது நான்.'