ஊதா மருந்து

டாக்டர் கேலன் மேப்ரி மீனுக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். நெற்றியில்தான். அதற்கு முன் அதன் வாயைப் பிளந்து, தூண்டில் முள் குத்திய இடத்தைத் துடைத்து, சட்டைப்பையிலிருந்த குப்பியைத் திறந்து, சின்னப் பிரஷால் ஊதா மருந்து தடவியாயிற்று. படமும் எடுத்தாயிற்று. பிறகு எட்டுக் கிலோ கோடு போட்ட பாஸ் மீனை ஏரியில் இறக்கி, "போய்ட்டு வாம்மா" என்கிறார். அது வாலை ஓர் ஆட்டு ஆட்டிவிட்டு ஆழத்துக்குப் போகிறது. டாக்டருக்குக் கண் கலங்குகிறது. மணி காலை ஏழு. இதோடு ஆறு தடவை கலங்கியாயிற்று.

முப்பத்தைந்து வருஷம் நாஷ்வில் நகரத்தில் பல் வைத்தியம் பார்த்தவர். வாயில் பஞ்சு அடைத்தவர்களிடமே பேசிப் பேசி, எதிரில் இருப்பவர் பதில் சொல்லக்கூடும் என்ற நினைப்பே அவருக்கு அற்றுப்போய்விட்டது. ஓய்வு பெற்றதும் இந்த ஏரிக்கரையில் வீடு வாங்கினார். வீட்டைவிட ஒசத்தியாக ஒரு படகும் வாங்கினார். மூன்று கோடைகாலமாக ஏரியைத் திருத்திக்கொண்டிருக்கிறார்.

படகுத்துறையில் வெர்லீன் புரூயிட் இரைமீன் கடை வைத்திருக்கிறாள். வட்டத் தொட்டியில் உப்புப் போட்ட தண்ணீர், இரவும் பகலும் காற்றுக் குழாய், அதற்குள் விரல் நீள ஹெர்ரிங் மீன்கள். டாக்டருக்கு விடிந்ததும் நான்கு டஜன் வேண்டும். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பார்ப்பார். "இதுக்கு மூக்கு செவந்திருக்கு வெர்லீன்" என்று திருப்பிப் போடுவார். பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய அதே மூக்கில்தான் அரை மணி நேரம் கழித்து, இரண்டு துவாரமும் சேர முள்ளைக் கோத்து, உயிரோடு ஐம்பதடி ஆழத்தில் தொங்கவிடுவார். அவற்றுக்கு முத்தமும் கிடையாது, மருந்தும் கிடையாது. அந்தப் பொடிசுகளிடம் அவருடைய கருணைக்கு என்ன வேலை!

ஒரு நாளைக்கு ஓர் ஆள் இரண்டு பாஸ் மீன்தான் எடுக்கலாம் என்பது சட்டம். ஜூலை பிறந்துவிட்டால் ஊர்க்காரர்கள் இதற்கு மேல் ஒரு கட்டுப்பாடும் வைத்திருக்கிறார்கள்: முதலில் சிக்கும் இரண்டு, பெரிதோ சிறிதோ, ஐஸ் பெட்டிக்குள் போகும், தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். மேல் தண்ணீர் கொதிக்கும் மாதம் அது. அடியில் குளிரில் கிடக்கும் மீனை மேலே இழுத்துப் போராட வைத்துத் திரும்ப விட்டால், போவதுபோல் போகும். மறுநாள் வயிறு மேலாக மிதக்கும். இது மர அறுவை மில்லில் வேலை செய்யும் ஹோபர்ட்டுக்குத் தெரியும். அவனுடைய நாய்க்குக்கூடத் தெரிந்திருக்கும்.

டாக்டருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டார். போன கோடையில் வெர்லீன் பக்குவமாக எடுத்துச் சொன்னபோது, மீனுக்கு நீந்தத் தெரியும் என்று அவளுக்கே பாடம் எடுத்துவிட்டுப் போனார். ஹோபர்ட் ராத்திரிச் சாப்பாட்டுக்கு இரண்டு மீனைத் தூக்கிக்கொண்டு கரையேறினால் வழிமறித்துப் பிடித்துக்கொள்வார். "ரெண்டு உசுருப்பா. எப்படி மனசு வருது உனக்கு?" ஹோபர்ட் தொப்பியை இறக்கிக்கொண்டு நழுவிவிடுவான். டாக்டர் ஒன்றையும் எடுப்பதில்லை. ஆகவே இரண்டு என்ற கணக்கு அவருக்கு முடிவதே இல்லை. பத்து, இருபது என்று நாள் முழுக்கப் பிடித்துப் பிடித்து விடுகிறார். படகுத்துறையில் அவருக்கு முத்தப் பாதிரியார் என்று பெயர்.

டாக்டர் ஆறு தடவை கண் கலங்கிய அந்த ஜூலை வியாழக்கிழமை காற்று கடைப் பக்கமாக அடித்தது. வெர்லீன் துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வந்தாள். செத்து மிதந்த பாஸ் மீன்களைப் பொறுக்கித் துணி துவைக்கும் தொட்டியில் போட்டாள். பத்தொன்பது இருந்தன. எல்லாவற்றுக்கும் உதடு ஊதா நிறம். தினமும் நான்கு டஜன் இரையை எண்ணிப் போட்ட கை தன்னுடையதுதான் என்று நினைத்ததும் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மத்தியானம் டாக்டர் படகைக் கட்டிவிட்டு, அன்றைக்கு இருபத்திரண்டு உயிரைக் காப்பாற்றிய பெருமையோடு ஏறி வந்தார். வெர்லீன் தொட்டியை அவர் காலடியில் தள்ளினாள்.

"டாக்டர், உங்க பேஷண்டெல்லாம் வந்திருக்காங்க."

அவர் குனிந்து பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, அடுத்தவர் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்கவில்லை.

"இதுங்க இந்த ஏரியில குஞ்சு பொரிக்காது. அரசாங்கம் கொண்டாந்து விட்டது மட்டுந்தான். இந்தப் பருமனுக்கு வர எட்டு வருஷமாகும். இப்படியே போனா ஏரியில என்ன மிஞ்சும், என் கடைக்கு எவன் வருவான்? தண்ணி குளுர்ற வரைக்கும் உங்களுக்கு இரைமீன் கிடையாது. இல்லேன்னா எல்லாரையும் மாதிரி ரெண்டைப் புடிங்க, கொண்டுபோயித் தின்னுங்க."

தின்பது என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் சுளித்தார்.

"நான் கொல்றவன் இல்ல வெர்லீன். உனக்கே தெரியும்."

அவள் தொட்டியைக் கையால் காட்டினாள். காட்டிய கையை இறக்கவே இல்லை.

டாக்டர் முட்டி போட்டு உட்கார்ந்தார். மேலே கிடந்த மீனின் தாடையைக் கட்டைவிரலால் பிளந்து, வெயில் படும்படி திருப்பினார். "எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு, கொஞ்சம்கூட சீழ் வைக்கல" என்றார். அடுத்ததைத் திறந்தார். அதில் உதட்டோரம் மருந்து படாமல் ஓர் இடம் விட்டுப்போயிருந்தது. சட்டைப்பையிலிருந்து குப்பியை எடுத்தார், மூடியைத் திருகினார், பிரஷை நனைத்தார்.