எட்டு சிலிண்டருக்கு இரண்டு பம்பு

என் அக்காளின் கணவர் திண்டுக்கல்லில் ஒரு தோல் வியாபாரியிடம் கார் டிரைவராக இருந்தார். அது அமெரிக்கக் கார். எட்டு சிலிண்டர், நூறு குதிரைச் சக்தி. தெருவில் வந்தால் மாட்டுவண்டிகள் தாமாகவே ஒதுங்கும். மச்சான் அதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது யாராவது குறை சொன்னால், "மெதுவாப் பேசுங்க, அவ காதுல விழும்" என்பார். என் அக்காளுக்கு அந்தக் காரைப் பிடிக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான் பேகம்பூர்ப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் மெக்கானிக் வேலை பார்த்துவந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆட்களோடு பேசுவதைவிட வண்டிக்கு அடியில் படுத்திருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

அந்தக் காருக்கு ஒரே ஒரு நோய். கோடை வந்தால் நடுரோட்டில் நின்றுவிடும். பெட்ரோலைப் பின்னால் இருக்கும் டாங்கியிலிருந்து இழுத்துத் தரும் பம்பு எஞ்சினோடு ஒட்டியே இருந்தது. எஞ்சின் கொதித்தால் பம்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆவியை இழுக்கப் பம்புக்குச் சக்தி கிடையாது. மச்சான் இறங்கி, அதன்மேல் ஈரச் சாக்கைப் போட்டுவிட்டு, பின் சீட்டில் இருக்கும் முதலாளியைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அந்த வருஷம் பம்பின் உள்ளே மேலும் கீழும் அசைந்து பெட்ரோலை இழுக்கும் துணிச்சவ்வும் கிழிந்துபோனது. புதிது எங்கும் கிடைக்கவில்லை. எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் ஊரில் சைக்கிள் பம்பு, ஸ்டவ் பம்பு, அடி பம்பு எல்லாவற்றிலும் தோல் வாஷர்தான். கொட்டகைக்கு எதிரே, தோல் பதனிடும் இடத்தில், தோல் மலைமலையாகக் காய்ந்துகொண்டிருந்தது. மெல்லிய ஆட்டுத்தோல் ஒன்றை வாங்கி, எண்ணெயில் ஊறவைத்து, வட்டமாக வெட்டிச் சவ்வாகப் போட்டேன். வண்டி குதித்துக்கொண்டு போனது. மச்சான் என்னைக் கட்டிப்பிடித்து, "மாப்ளே, நீ அமெரிக்காவுல பொறந்திருக்கணும்டா" என்றார்.

மூன்றாம் நாள் வத்தலக்குண்டு ரோட்டில் வண்டி நின்றது. தோலில் இருந்த எண்ணெயைப் பெட்ரோல் கழுவிக்கொண்டு போய்விட்டது. திறந்து பார்த்தால் உள்ளே அப்பளம் மாதிரி நொறுங்கிக் கிடந்தது. முதலாளி கூட்டத்தின் நடுவில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறார். அன்று மாலை மச்சானைக் கூப்பிட்டு, "அடுத்த வாரம் கொடைக்கானல் போறேன். மலையில வண்டி நின்னா வித்துட்டு ஒரு சின்னக் காரு வாங்கி நானே ஓட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சவ்வு யார் செய்தது என்று அவர் கேட்டாராம். மச்சான், "நாந்தான் மொதலாளி" என்றிருக்கிறார். இதை என்னிடம் அவர் சொல்லவில்லை. அக்காள்தான் சொன்னாள்.

மறுநாள் பஸ் ஏறி மதுரைக்குப் போனேன். பழைய மோட்டார் சாமான் விற்கும் கடை ஒன்றில் இரண்டு வகைப் பம்பு இருந்தது. ஒன்று லாரிக்கு உள்ளது, கை கனத்தது. கடைக்காரர், "இது வேணாம்ப்பா. தள்ளுற வேகத்துல கார்புரேட்டர் வழிஞ்சிரும்" என்றார். மற்றது சின்னக் காருக்குள்ள கரண்டுப் பம்பு. பேட்டரியில் ஓடும், ஆறு வோல்ட், எங்கள் வண்டிக்குச் சரி.

"எத்தனை சிலிண்டரு?"

"எட்டு."

"அப்ப ஒண்ணு பத்தாது. மலை ஏறும்போது குடிக்கிற குடிக்கு ரெண்டு போடு. ரெண்டையும் ஒரே குழாயில சேர்த்துரு."

எங்கே பொருத்துவது என்று கேட்டிருக்க வேண்டும். கூட்டமாக இருந்தது. பெட்டிக்குள் ஒரு இங்கிலீஷ் தாள் இருந்தது. படிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

பழைய பம்பைக் கழற்றி, அந்த ஓட்டையைத் தகடு வைத்து அடைத்தேன். புதியவை இரண்டையும் அதன் பக்கத்திலேயே, எஞ்சினுக்குப் பின்னால் இருந்த தகட்டில் மாட்டினேன். காலையில் நன்றாக ஓடியது. உச்சி வெயிலில் கொட்டகைக்குத் திரும்பி வந்ததும் பம்பு இரண்டும் குளிரில் பல் தந்தியடிப்பவன் மாதிரி டிக்டிக்டிக் என்று அடித்தனவே தவிர, பெட்ரோல் வரவில்லை. பயணத்துக்கு இன்னும் ஒரு நாள்தான். மச்சான் மட்கார்டில் சாய்ந்துகொண்டு, "விடு மாப்ளே, எனக்கு லாரி ஓட்டவும் தெரியும்" என்றார். அவருக்கு லாரி ஓட்டத் தெரியாது.

அந்த நேரம் அக்காள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். முந்தின நாள் சித்தையன்கோட்டையில் எங்கள் அய்யா வீட்டுக்குப் போய்வந்திருந்தாள். சோறு போட்டுக்கொண்டே ஊர்க்கதை சொன்னாள்.

"கெணத்துல தண்ணி அம்புட்டும் கீழ போயிருச்சாம். மேல இருக்குற மோட்டாரு வெறும் காத்தத்தான் இழுக்குதாம். அய்யா சுவத்துல குழி வெட்டி, மோட்டாரத் தண்ணி பக்கத்துல எறக்கப் போறாராம். அங்கிட்டு இருந்து மேல தள்ளுறது அதுக்கு லேசாம்ல."

நான் உருட்டிய சோறு கையிலேயே நின்றது. மச்சானும் என்னைப் பார்த்தார்.

"என்னத்தப் பாக்குறீக ரெண்டு பேரும்? வெஞ்சனம் உப்பா இருக்கா?"

"இல்லக்கா."

"பெறகு? திங்க வேண்டியதுதான?"

கையைக் கழுவிவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்தேன். பம்பு இரண்டையும் பின்பக்கம் டாங்கிக்கு அருகில், குளிர்ந்த இடத்தில், அதிராமல் இருக்க டயர் துண்டு வைத்து முடுக்கினேன். புகைக்குழாய் ஒரு பக்கம் போனதால், அதன் சூடு படாமல் பெட்ரோல் போகும் செப்புக்குழாயை மறுபக்கமாகக் கொண்டுபோனேன். மச்சான் சாவியைத் திருகினார். பின்னால் டிக் டிக் என்று கொஞ்சம் அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் தானே அடங்கியது. எஞ்சின் பிடித்தது. வெயிலில் நிற்கவைத்து ஓடவிட்டோம். நிற்கவேயில்லை. அக்காள் தூக்கைக் கழுவிக்கொண்டே, "இதுக்குத்தான் இம்புட்டு ஆர்ப்பாட்டமா?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை அவர்கள் மலைக்குப் போனார்கள். இரண்டு நாள் எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. சும்மா உட்காரக் கூடாதே என்று ஒரே ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பிற்பகல் மச்சான் ரோட்டில் நடந்து வந்தார். வண்டி இல்லை. நான் ஸ்பானரோடு எழுந்து ஓடினேன்.

"வண்டி எங்க மச்சான்?"

"மொதலாளி வீட்டுல விட்டுட்டு வாரேன்."

"மலையில?"

"ஒரு எடத்துலயும் நிக்கல. மொதலாளிதான் நிப்பாட்டச் சொன்னாரு. பின்னால டிக்குன்னு என்னமோ அடிக்குதே, என்னதுன்னு கேட்டாரு. எங்க மாப்ள வச்சதுன்னு சொன்னேன்."

"அப்பறம்?"

மச்சான் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"நாளைக்கும் காலையில ஏழு மணிக்கு என்னைய வண்டிய எடுத்து வாசல்ல நிப்பாட்டச் சொன்னாரு" என்றார்.