லாசுப்பேட்டைக்குப் பத்து நிமிஷம்

அண்ணன் பாரீஸிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை வருவான். கூப்பிடப் போவதும் கொண்டுபோய் விடுவதும் என் வேலை. முத்தியால்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து சென்னை விமான நிலையம் மூன்றரை மணி நேரம். விமானம் போய்விடுமோ என்ற பயம் எங்கள் குடும்பத்து ரத்தத்திலேயே உண்டு. எட்டு மணி நேரம் முன்னாலேயே கிளம்பிவிடுவோம். புளிச்சோறு கட்டி, பெட்டியை மூன்று தடவை எடை பார்த்து, செபம் சொல்லி முடித்து, கார் தெருமுனையைத் தாண்டுவதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போகும்.

இருந்தாலும் அந்தப் பயணத்துக்காகத்தான் வருஷம் பூராவும் காத்திருப்பேன். காரணம் அம்மா. பக்கவாதம் வந்து ஆறு வருஷமாகப் படுக்கையில் இருக்கிறாள். வலது கையும் காலும் வராது. காது மட்டும் பாம்புக்காது. அவளைத் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, ஊட்டி, எனக்கும் அறுபது ஆகப்போகிறது. அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டான், 'ரெத்ரேத்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வான். வருஷத்தில் பாதி நீ வந்து பார் என்று அவனிடம் கேட்க வேண்டும். வீட்டில் கேட்டால் அம்மா காதில் விழும், தான் பாரமாகிவிட்டோம் என்று சாப்பாட்டையே நிறுத்திவிடுவாள். போனில் கேட்டால் பக்கத்தில் அண்ணி இருப்பாள். மிச்சம் இருப்பது கார்தான்.

மரக்காணம் தாண்டட்டும், சொல்லிவிடலாம் என்று இருப்பேன். உப்பளம் கண்ணில் படும்போது அவன் கண் மூடியிருக்கும். கல்பாக்கம் பக்கம் டீக்கு நிறுத்தினால் டிரைவரோடு அரசியல் பேசுவான். மறுபடி ஏறினால் மறுபடி தூக்கம். கழுத்து வலிக்குமே என்று என் துண்டை மடித்து அவன் தலைக்குப் பின்னால் வைப்பேன். பாட்டைக் குறைக்கச் சொல்லுவேன். விமான நிலைய வாசலில் இறங்கியதும் வண்டியை எடுக்கச் சொல்லி விசில் ஊதுவார்கள். அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்க் கையாட்டுவான். நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்புவேன். அந்தத் திரும்பி வரும் மூன்றரை மணி நேரம்தான் வருஷத்தில் என்னை யாரும் கூப்பிடாத நேரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் எங்கள் ஊரிலேயே இருக்கும் லாசுப்பேட்டை விமான நிலையத்திலிருந்து மறுபடியும் பெங்களூருக்கு விமானம் விட்டார்கள். அண்ணன் போகிற டிக்கெட்டை அந்த வழியாகப் போட்டுவிட்டான். வீட்டிலிருந்து பத்து நிமிஷம்தான், உனக்கு அலைச்சல் மிச்சம் என்றான். பத்து நிமிஷத்தில் எதைச் சொல்லி முடிப்பது?

விமானம் பிற்பகல் மூன்று மணிக்கு. காலை ஒன்பதுக்கே அவன் ஷூ போட்டுக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்துவிட்டான். பழக்கதோஷம். நானும் புளிச்சோறு கட்டி வைத்துவிட்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். பத்தரைக்கு இரண்டு பேருக்கும் பொறுக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா அம்மாவுக்குத் துணைக்கு வந்தாள். அம்மா இடது கையால் அவன் நெற்றியில் சிலுவை போட்டாள், அழுதாள். ஆட்டோ பிடித்தோம். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

வாசலில் நின்ற காவலர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு ஒரு மணிக்கு மேல்தான் உள்ளே விடுவோம் என்றார். எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். முத்தியால்பேட்டை என்றதும் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பி நின்றார். வீட்டுக்குப் போய் அம்மாவை இன்னொரு தடவை அழவைக்க எங்களுக்குத் தெம்பில்லை. ஆட்டோவும் போய்விட்டது. வெளியே ஒரு வேப்பமரத்தடியில் சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்தோம், நடுவில் பெட்டி. அவனுக்குச் சாய்ந்துகொள்ள இடமில்லை.

"அண்ணா, என்னால முடியலண்ணா. அம்மாவ இனிமே தனியா பாக்க முடியாது. வருஷத்துல ஆறு மாசம் நீ வந்து இருக்கணும்."

ஆறு வருஷமாகச் சேர்த்து வைத்தது அவ்வளவுதான், முடிந்துவிட்டது. அழுகை வரவில்லை, அலுப்பாக இருந்தது. அவன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும். நீ சொல்லிடுவேன்னுதான் ஒவ்வொரு தடவையும் வண்டில கண்ண மூடிக்கிட்டு வருவேன். தூங்கல்லாம் மாட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் அவன் பெட்டியை ரோட்டில் உருட்டிவிட்டிருப்பேன். என் துண்டு, குறைத்து வைத்த பாட்டு எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அம்மாவை அப்படிப் பார்க்கப் பயமாக இருக்கிறது, தொட்டுத் தூக்கப் பயமாக இருக்கிறது என்றான். எனக்கும் பயமாகத்தான் இருந்தது, யாரும் கேட்கவில்லை என்றேன். பசித்ததால் புளிச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டோம். உள்ளே போகும்போது ஈஸ்டருக்கு முன்னால் வந்துவிடுகிறேன் என்றான். ஏர்போர்ட் வாசலில் சொல்வதையெல்லாம் நான் கணக்கில் எடுப்பதில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி ஒன்றரைகூட ஆகவில்லை. நான் விட்டுவிட்டு வருவதென்றால் ஒரு முழு நாள் ஆகும் என்பதுதான் அம்மாவின் கணக்கு. அவள் முகம் மலர்ந்து, என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தாள். அவன் போகவில்லை என்று நினைத்துவிட்டாள். போய்விட்டான் என்று சொன்னதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு என்னை உண்மையில் அடித்துப்போட்டது அதுதான்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தொடங்கியபோது போனுக்கு அண்ணனின் டிக்கெட் வந்தது. திரும்புகிற தேதி ஆறு மாசம் கழித்து. ஆனால் இறங்குவது சென்னையில். கூப்பிட வா, பேசிக்கொண்டே வரலாம், இந்தத் தடவை கண்ணை மூட மாட்டேன் என்று எழுதியிருந்தான். மறுபடியும் அந்த ரோடா என்று அலுப்பாக இருந்தது. போனேன்.

கோவளம் தாண்டவில்லை, வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விட ஆரம்பித்துவிட்டான். இது நடிப்பில்லை, எனக்குத் தெரியாதா. துண்டை மடித்துத் தலைக்குப் பின்னால் வைத்தேன். எழுப்பவில்லை. காலையில் அம்மாவைத் தூக்க அவனுக்குத் தெம்பு வேண்டும்.